பிரித்து மேய்தல்

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓட்டுக் கூரை வேலைக்கு மாசி, பங்குனி, சித்திரை மூன்றுதான் தோதான மாதங்கள். வைகாசி பின்பாதியில் மலையிலிருந்து சாரல் இறங்க ஆரம்பித்துவிடும். அது ஓய்ந்து கொஞ்சம் வெயிலைப் பார்ப்பதற்குள் ஐப்பசி அடைமழை வந்து நிற்கும். அதனால் பொங்கல் கழிந்ததுமே ஊரில் பாதிப் பேர் அண்ணாந்து பார்க்கத் தொடங்குகிறார்கள். மேஸ்திரிகளின் செல்போன் ஓய்வதில்லை. எல்லா அழைப்பிலும் ஒரே கேள்விதான்: சதுர அடிக்கு எவ்வளவு?

நான் கூடச் சுற்றிய மேஸ்திரி இதற்குப் போனில் பதில் சொல்வதே கிடையாது. "வீட்ல ஏணி இருக்கா?" என்று திருப்பிக் கேட்பார். தச்சு வேலைக் குடும்பம், அறுபது தாண்டிய வயது. ஏறி நிற்கும்போது மட்டும் அந்த வயது தெரியாது. "கீழ நின்னு பாத்தா எல்லாக் கூரையும் செவப்பாத்தான் இருக்கும் அண்ணாச்சி. ஏறாம ரேட்டு சொல்லுதவன் ஒண்ணு சோசியக்காரனா இருக்கணும், இல்ல பின்னால ஏத்திக்கிடலாம்னு நெனச்சவனா இருக்கணும்" என்றார்.

அவரோடு ஒரு நாள் போனது கல்லிடைக்குறிச்சி பக்கம், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. மாமனார் காலத்துக் கட்டடம். நடுவில் மரத்தளம் போட்ட மச்சு, அதன் மேல் இரு பக்கச் சரிவாகச் சீமை ஓடு. பின்கட்டில் பிற்பாடு ஒரு சமையலறையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்தச் சரிவும் பெரிய சரிவும் சேர்கிற கூடுவாயில்தான் ஒழுக்கு. டீச்சர் ஏற்கெனவே இரண்டு கொட்டேஷன் வாங்கி ஒரு பழைய டைரிக்குள் வைத்திருந்தார். ஒன்று, துண்டுச் சீட்டில் ஒரே வரி: பழைய ஓடு பிரித்துப் புது ஓடு போட, சதுர அடிக்கு இவ்வளவு. இன்னொன்று கம்ப்யூட்டரில் அடித்து முத்திரை குத்தியது. ஓட்டையே எடுத்துவிட்டுக் கலர் ஷீட் போடலாம் என்றது. தொகை முதலாவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"மூணு கொட்டேஷன் வாங்கி நடுவுல உள்ளத எடுத்துக்கோங்கன்னு எல்லாரும் சொல்லுதாங்க. இது ரெண்டும் ஒரே வேலைக்குன்னே எனக்குத் தோணல. இதுல நடு எங்க வருது?" என்றார் டீச்சர். நியாயமான சந்தேகம். கணக்கு டீச்சராக இருந்தவராம்.

மேஸ்திரி முதலில் மச்சுக்குள் போனார், டார்ச் லைட்டும் பழைய திருப்புளி ஒன்றும் எடுத்துக்கொண்டு. பின்னால் நானும் தவழ்ந்தேன். கைமரங்கள் எல்லாம் பனை. திருநெல்வேலிச் சீமையில் பழைய வீடுகளைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் பனங்கைதான். மற்ற மரங்களுக்கு வைரம் நடுவில் என்றால் பனைக்கு வெளிவட்டத்தில். அந்தக் கறுத்த பகுதியைச் செதுக்கி எடுத்த கை, நனையாதவரை இரண்டு தலைமுறை நிற்கும். மேஸ்திரி திருப்புளியின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல கை கிண்ணென்றது. சில இடங்களில் சத்தம் உள்ளேயே அமுங்கியது. அங்கே முனையால் குத்தினால் அரை விரல் ஆழத்துக்கு இறங்கியது, மாவாகக் கொட்டியது. பெரும்பாலும் சுவரில் உட்காருகிற முனைகள், இல்லையென்றால் கூடுவாய்க்கு நேர் கீழே. சாக்கட்டியால் ஏழு இடத்தில் குறி போட்டார். சுவருக்குள் புதைந்து கிடந்த சில முனைகளைத் தொடவே முடியவில்லை. அவற்றையும் நோட்டில் தனியாகக் குறித்துக்கொண்டார். இதைத்தான் நான் கவனித்தேன். தெரிந்ததை எழுதுவது எல்லாருக்கும் வரும். தெரியாததையும் எண்ணி எழுதிவைக்கிற மேஸ்திரியை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு ஏணி. ஓட்டின் மேல் நடக்க ஒரு முறை இருக்கிறது. கீழ் ஓட்டின் தலையில் மேல் ஓட்டின் கால் ஏறி உட்காருகிற இடத்தில், அடியில் ரீப்பர் சட்டம் ஓடுகிற வரிசையில்தான் மிதிக்க வேண்டும். நடுவயிற்றில் மிதித்தால் ஓடு போச்சு. அவர் ஒரு ஓட்டை உருவி என்னிடம் நீட்டினார். முதுகில் ஃபெரோக் தொழிற்சாலை ஒன்றின் பெயர் புடைத்திருந்தது. பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் மங்களூரில் தொடங்கிய அச்சு ஓட்டுத் தொழில் மேற்குக் கரையோரமாகவே பரவி, கோழிக்கோட்டுக்கு அருகில் ஃபெரோக், திருச்சூர் பக்கம் ஒல்லூர் என்று வேர்விட்டது. இப்போது களிமண் கிடைப்பது அரிதாகி, கான்கிரீட்டும் பரவி, அந்தச் சூளைகளில் பலவற்றை மூடிவிட்டார்கள். கூரைக் கணக்கில் இது நேராக வந்து இடிக்கிறது. ஒரு தொழிற்சாலை ஓட்டின் பள்ளமும் மேடும் இன்னொன்றின் ஓட்டோடு கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளாது. உடைந்த இடத்துக்கு மட்டும் புது ஓடு சொருகினால் அந்த வரிசையில் தண்ணீர் உள்ளே ஏறும். "ஒரு சரிவுக்கு ஒரு கம்பெனி. நல்லா இருக்கப் பழச எல்லாம் சேத்துப் பின்பக்கச் சரிவுக்குப் போட்டுருவேன், முன்பக்கத்துக்கு மட்டும் புதுசு வாங்குங்க" என்றார். இரண்டு கொட்டேஷனிலும் இப்படி ஒரு வழி இருப்பதாகவே யாரும் எழுதவில்லை.

பழைய ஓட்டை எப்படித் தேறவைப்பது? ஓட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் 654 சொல்வதும் மேஸ்திரி செய்வதும் ஒன்றுதான்: தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மூளி, கீறல், செதில் விட்டது எல்லாம் தள்ளுபடி. பாசி பிடித்ததைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தால் தேறிவிடும்.

இனி அளவு. துண்டுச் சீட்டில் சதுர அடிக்கு இவ்வளவு என்று இருந்ததே, எந்தச் சதுர அடி என்று அதில் இல்லை. வீடு 30-க்கு 40. தரையை அளந்தால் 1,200 சதுர அடி. ஆனால் இறவாணம் நான்கு பக்கமும் இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆக 34-க்கு 44, அதாவது 1,496. இது படுக்கையாக வைத்த கணக்கு. கூரை படுத்திருக்கவில்லை, பத்தடிக்கு ஆறடி ஏற்றத்தில் சரிந்து நிற்கிறது. அந்தச் சரிவின் மேல் டேப் பிடித்து அளந்தால் 1,740 சொச்சம். தரைக் கணக்கைவிட நூற்றுக்கு நாற்பத்தைந்து கூடுதல். தரை அளவில் பேசிக்கொண்டு சரிவு அளவில் பில் போடுவது இந்தத் தொழிலின் பழைய வித்தை. இதில் ஏமாற்றுகிறவர் சத்தியம் பண்ணக்கூடத் தயங்கமாட்டார், ஏனென்றால் இரண்டு அளவும் நிஜம். டீச்சருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரே பேப்பரில் முக்கோணம் போட்டு வர்க்கமூலம் எடுத்துவிட்டார். மேஸ்திரி டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "நாங்க கயிறு புடிச்சுச் சொல்லுதத டீச்சரம்மா ஒக்காந்த எடத்துல போட்டுட்டாங்க" என்று சிரித்தார்.

நூறு சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு பிடிக்கும். உடைசல், வெட்டு ஓடு சேர்த்தால் 150. மொத்தக் கூரைக்கு 2,600-ஐ ஒட்டி வரும். ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ என்று வைத்தாலும் ஆறு டன்னுக்கு மேல் மனிதக் கைகளில் இறங்கி, திரும்ப ஏற வேண்டும்.

அந்தக் கைகளைப் பார்க்க வேண்டுமென்றுதான் மேஸ்திரியின் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த இன்னொரு வீட்டுக்குப் போனேன். விடிந்ததும் தொடங்கிவிடுகிறார்கள், பத்து மணிக்கு மேல் ஓடு காலைச் சுடும் என்பதால். மேலே இருவர் பிரிக்கிறார்கள். சாரத்தில் ஒருவர் வாங்கி இறக்க, கீழே பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றிச் சுவரோரம் நிறுத்திவைக்கிறார்கள். ஓட்டைப் படுக்கையாக அடுக்கினால் பாரத்தில் அடி ஓடு விரியும் என்பதால் எப்போதும் சாய்த்து நிறுத்துவதுதான். ஒரு நேரத்தில் ஒரு சரிவைத்தான் திறக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் அதை ரீப்பர் அடித்து மூடவேண்டும், முடியாவிட்டால் தார்ப்பாய். மேய்வது இறவாணத்தில் தொடங்கி முகட்டை நோக்கி. கீழ் வரிசை நூல் பிடித்து நிற்காவிட்டால் மேலே போகப்போகக் கோணல் பெருகும். முகட்டு ஓட்டுக்குச் சிமெண்டைக் குறைத்து, சுண்ணாம்பு கலந்த கலவை. வெறும் சிமெண்டில் உட்காரவைத்தால் அடுத்த தடவை ஓட்டை உடைக்காமல் எடுக்க முடியாது.

ஓடு கைமாற்றிய அம்மாவிடம் கூலி கேட்டேன். மேலே நிற்கும் ஆம்பளைக்குப் பாதியை விடக் கொஞ்சம் கூட, என்றார். "அவுக விழுந்தா உசுரு போவும், அதான் கூட. நாங்க தூக்குதது கொறச்சலா என்ன?" விழாமல் இருப்பதற்குத்தான் சாரம். ஆனால் விலை குறைந்த கொட்டேஷனில் முதலில் காணாமல் போவது சாரமும் தார்ப்பாயும்தான், அவை இரண்டும் வேலை முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியப்போவதில்லை என்பதால். தமிழ்நாட்டில் 1994-இலிருந்து கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. ஆட்களிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று கொட்டேஷன் வாங்கும்போதே கேட்கிற வீட்டுக்காரர்கள் அபூர்வம். இந்த மேஸ்திரி தன் ஆட்களை அட்டை எடுக்க வைத்திருந்தார். அதையும் பெருமையாகச் சொல்லவில்லை, ஒரு தொந்தரவான வேலையை முடித்த களைப்போடுதான் சொன்னார்.

ஷீட் பக்கத்தையும் பார்த்துவிடலாம். முத்திரை குத்திய தாளில் கனம் 0.50 எம்.எம். என்று இருந்தது. அது வர்ணப் பூச்சும் உலோகப் பூச்சும் சேர்ந்த கனமா, அடியில் இருக்கிற இரும்புத் தகட்டின் கனம் மட்டுமா என்று குறிப்பில்லை. இரண்டுக்கும் விலை வேறு, ஆயுளும் வேறு. எடை குறைவு, வேலை சீக்கிரம் முடியும் என்பதெல்லாம் உண்மை. சித்திரை வெயிலில் அதன் கீழே மச்சில் யாரும் தங்க முடியாது என்பதும் உண்மை.

அதே தாளில் கடைசிக்கு முந்தைய வரி, சின்ன எழுத்தில்: பழைய சாமான்கள் காண்ட்ராக்டரைச் சேரும். டீச்சர் அதைத் தாண்டிப் போயிருந்தார். மேஸ்திரியின் விரல் அங்கேதான் நின்றது. முகட்டு வளையும் உத்திரமும் தேக்கு. ஓட்டில் ஆயிரத்துக்கு மேல் தேறும், பழைய ஓட்டுக்கு இப்போது ஹோட்டல், ரிசார்ட் கட்டுகிறவர்களிடம் நல்ல கிராக்கி. "இந்த மரத்த வித்தா ஷீட் போட்ட கூலி வந்துரும் டீச்சரம்மா." துண்டுச் சீட்டுக்காரர் இதைப் பற்றி எழுதவே இல்லை. அந்தத் தொகை ஏன் அவ்வளவு குறைவு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேலை முடிகிற நாளில் லாரியோடு வந்து, எடுத்துக்கொண்டு போவதுதானே வழக்கம் என்பார்.

மேஸ்திரியின் கொட்டேஷன் கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒன்றரைப் பக்கம். ரூபாயை இங்கே எழுதப்போவதில்லை. மரக்கடை விலை மாதத்துக்கு மாதம் மாறும், இந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு யாரோடும் யாரும் சண்டை போட வேண்டாம். தாள் எப்படி இருந்தது என்பதுதான் விஷயம். கூலி தனி, பொருள் தனி. சரிவின் மேல் அளந்த அளவு, எந்தப் பக்கம் எவ்வளவு என்று. ரீப்பர் என்று மட்டும் விடாமல் இரண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குலம் என்று சைஸ். இந்தக் கூரைக்கு ஏறக்குறைய 1,660 அடி நீளம் ரீப்பர் ஓட வேண்டும். அந்த சைஸில் 23 கன அடி மரம். அதையே ஒன்றரைக்கு முக்கால் என்று இளைத்துவிட்டால் 13 கன அடியில் முடிந்துவிடும். ஓட்டுக்கு அடியில் போய்விட்ட பிறகு யார் அளக்கிறார்கள்?

பனங்கை வரியில் மட்டும் மொத்தத் தொகை கிடையாது. போயிருப்பது ஏழு. முனையை அறுத்து நல்ல மரம் ஒட்டி போல்ட் முடுக்க ஒன்றுக்கு இவ்வளவு, முழுக்கை மாற்ற ஒன்றுக்கு இவ்வளவு. சுவருக்குள் இருப்பது பிரித்த பிறகுதான் தெரியும். பன்னிரண்டுக்கு மேல் போனால் வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவது. கூடுவாய்க்குத் தகடு, அதன் அகலம், கனம். சாரம், தார்ப்பாய் மேஸ்திரி பொறுப்பு. பழைய மரமும் ஓடும் வீட்டுக்கே.

கூட்டிப் பார்த்தால் துண்டுச் சீட்டைவிடக் கணிசமாக அதிகம். டீச்சர் மூன்று தாளையும் பரப்பிவைத்து, மேஸ்திரி எழுதிய வரிகளை மற்ற இரண்டு பேரிடமும் கேட்டுத் தொகை வாங்கச் சொன்னார் தம்பி மகனிடம். ஷீட்காரர் ஓட்டு வேலை செய்வதில்லை என்று விலகிக்கொண்டார். துண்டுச் சீட்டுக்காரர் போனிலேயே ஒவ்வொரு வரிக்கும் தொகை சொல்லச் சொல்ல, கூட்டுத்தொகை மேஸ்திரியின் தொகையைத் தொட்டுத் தாண்டியது. சாரம் தனி என்றார் அவர்.

மிச்சமிருந்தது பணம் கொடுக்கிற முறை. ஓட்டு லோடு வந்து இறங்கும்போது அதற்குரிய தொகை, ஒவ்வொரு சரிவு மூடியதும் ஒரு பங்கு. இதுவரை இருவருக்கும் சம்மதம். பத்தில் ஒரு பங்கைச் சாரல் பார்த்துவிட்டுத் தருவேன் என்று டீச்சர் சொன்னதும் மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"சாரல் பொய்ச்சிட்டுன்னா நான் என்ன செய்ய? போன வருசமே ஒழுங்கா விழல. ஆளுகளுக்கு நான் கொடுத்தாகணும்லா."

"அப்ப மோட்டர் போட்டு ஓஸ்ல அடிச்சுப் பாப்போம்."

"ஓஸ் தண்ணி வேற, காத்தோட வார சாரல் வேற. நானே சொல்லுதேன், ஓஸ் தண்ணிக்கு ஒழுகாதது சாரலுக்கு ஒழுகும்."

தன் பக்கத்துக்கே எதிராக அவர் வாதாடிக்கொண்டிருந்தார். டீச்சர் பேனாவை எடுத்து, தாளின் அடியில் தாமே எழுதினார்: மீதித் தொகை ஆவணி முதல் தேதி, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். மேஸ்திரி அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, ஆடி முடிகிறவரை ஒழுகினால் தன் செலவில் ஏறிப் பார்ப்பதாக இன்னொரு வரி சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.