மூணு கேட்டால் ரெண்டுதான் வருது

மூன்று வாரமாகப் பதிவு ஒன்றும் போடவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. பழைய பாடக்குறிப்பு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். எழுபது வயதுக்கு மேல் இது என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காகப் பைத்தான் மொழி படித்தேன். அதில் ஓப்பன்சிவி என்று ஒரு மென்பொருள் நூலகம் உண்டு. இன்டெல் நிறுவனத்தில் 1999இல் தொடங்கியது. படத்தில் உள்ளதை எண்ண, அளக்க, நிறம் பிரிக்க அதில் வழி இருக்கிறது. காசு கிடையாது, உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்றும் பார்க்கலாம். அதற்குப் பைத்தான் பாடங்களை 2013இல் கூகுளின் கோடைக்காலத் திட்டத்தில் அலெக்சாண்டர் மோர்ட்வின்செவ், அபித் ரஹ்மான் என்ற இருவர் எழுதினார்கள். நான் அதைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

கற்றதை 2017இல் தமிழில் நாற்பது பக்கக் குறிப்பாக எழுதினேன். போடிக்காரன் எழுதினால் உதாரணம் வேறு என்னவாக இருக்கும்? ஏலக்காய்தான். வெள்ளைத்தாளில் காயைப் பரப்பி, செல்போனில் படம் எடுத்து, எத்தனை காய், எது பெரியது, எது பச்சை என்று கணினியைச் சொல்ல வைப்பது. இங்கே சல்லடை போட்டு 8 மில்லிமீட்டருக்கு மேல், 7க்கு மேல் என்று பிரிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் நாம். அதனால் குறிப்பு பலருக்கும் பிடித்திருந்தது. கை மாறிக் கை மாறிப் போயிற்று. நானும் பெருமையாக இருந்துவிட்டு, பிறகு மறந்தும் போனேன்.

போன மாதம் குரங்கணியிலிருந்து ஒரு பெண் பிள்ளை அவள் அப்பாவோடு வந்தாள். டிப்ளமோ கடைசி வருடம். அப்பா எஸ்டேட்டில் வேலை, அம்மா போடியில் காய் பொறுக்கப் போகிறவர். அம்மா செய்கிற வேலையையே புராஜெக்ட்டாக எடுத்திருக்கிறாள். கையில் என் குறிப்பின் ஜெராக்ஸ். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து.

"தாத்தா, நீங்க எழுதினபடியேதான் அடிச்சேன். மூணு கேட்டா ரெண்டுதான் வருதுன்னு நிக்குது. ரெண்டு நாளா ராத்திரி தூங்கல. எனக்கு இது வராது போல. வேற தலைப்பு மாத்திக்கலாம்னு இருக்கேன்."

அவள் அடித்ததைப் பார்த்தேன். ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. பிழை என் குறிப்பில் இருந்தது.

விஷயம் இதுதான். படத்தில் உள்ள காய்களின் ஓரக்கோட்டைக் கண்டுபிடிக்க ஃபைண்ட்காண்டூர்ஸ் என்று ஒரு கட்டளை. ஓப்பன்சிவியின் 2.4 பதிப்பில் அது இரண்டு விடை தந்தது. 3ஆம் பதிப்பில் முன்னால் ஒரு படத்தையும் சேர்த்து மூன்றாகத் தந்தது. 2018 நவம்பரில் வந்த 4ஆம் பதிப்பில் பழையபடி இரண்டாக்கிவிட்டார்கள். நான் எழுதியது 3ஆம் பதிப்பைப் பார்த்து. அவள் புதிதாக இறக்கியது 4. நான் மூன்று பாத்திரம் வைக்கச் சொன்னேன், இரண்டுக்குத்தான் சோறு வந்தது.

எனக்கு உறைத்தது இந்த மாற்றம் அல்ல. மென்பொருள் மாறத்தான் செய்யும். அந்தப் பிள்ளை இரண்டு ராத்திரியும் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள், என் தாளைச் சந்தேகப்படவில்லை. அச்சில் இருப்பது சரியாகத்தான் இருக்கும், நமக்குத்தான் புத்தி போதவில்லை என்று முதல் தலைமுறையில் படிக்க வருகிற பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். முப்பது வருடம் வாத்தியாராக இருந்தும் அது எனக்கு மறந்துபோயிருந்தது.

"தலைப்பை மாத்தாதே. தாத்தா குறிப்பை மாத்துறேன்" என்றேன். அடுத்த மூன்று ஞாயிறும் அவள் வந்தாள். நான் வாசிக்க, அவள் தன் கணினியில் ஒவ்வொரு வரியாக அடிப்பாள். எங்கே நிற்கிறதோ அங்கே நானும் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு.

நிறத்தில் ஒரு பிழை நின்றது. இந்த நூலகம் படத்தைப் படிக்கும்போது நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைக்கும். படத்தைத் திரையில் காட்ட நான் பயன்படுத்திய மேட்பிளாட்லிப் அதையே சிவப்பு, பச்சை, நீலம் என்று எடுத்துக்கொள்ளும். நடுவில் மாற்றிக்கொள்ளச் சொல்லி ஒரு வரி வேண்டும். என் குறிப்பில் அது இல்லை. ஆறு வருடம் எப்படித் தெரியாமல் போயிற்று? பச்சை நடுவில் நிற்கிறது. ஓரத்தில் இருக்கும் இரண்டும் இடம் மாறினாலும் பச்சைக் காய் ஏறக்குறையப் பச்சையாகவே தெரியும். நான் நல்ல காயாகப் பொறுக்கித்தான் படம் எடுத்திருந்தேன். இவள் அம்மா தந்த கலப்புக் காயை வைத்தாள். பழுப்பேறிய காயெல்லாம் திரையில் நீலமாய் நின்றது. "நீல ஏலக்காயா?" என்று அவள் அப்பா சிரித்தார். நல்ல காயை மட்டும் வைத்துச் சோதித்தால் இப்படித்தான்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. தமிழ்க் குறிப்பு என்பதால் படங்கள் இருக்கும் கோப்புறைக்கும் 'ஏலக்காய்' என்று தமிழிலேயே பெயர் வைக்கச் சொல்லியிருந்தேன். நான் எழுதியது லினக்ஸ் கணினியில், அங்கே ஓடும். அவளுடையது விண்டோஸ். அங்கே படம் திறக்கவில்லை. திறக்கவில்லை என்று அந்த இடத்தில் நின்று சொன்னாலாவது பரவாயில்லை. வெறுங்கையோடு அடுத்த வரிக்குப் போய் அங்கே முட்டிக்கொள்கிறது. முட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் போனது. கோப்புறையின் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டவள் அவள்தான். ஓடியது.

முதல் பாடத்தில் நான் வைத்திருந்த தொப்பிப் பெண் படத்தையும் எடுத்துவிட்டேன். பல பாடப்புத்தகங்களில் இருந்த லெனா படம் அது. "இது யாரு தாத்தா?" என்று பிள்ளை கேட்டபோதுதான் யோசித்தேன். 1972இல் ஓர் ஆண்கள் பத்திரிகையில் வந்த படத்தின் ஒரு பகுதி. வேண்டாம் என்று உலகத்தில் பலரும் விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது அவள் அம்மா பொறுக்கிய காய்கள் இருக்கின்றன.

ஓரக்கோட்டு வரிக்கு ஒரு வழி கிடைத்தது. எத்தனை விடை வந்தாலும் கடைசி இரண்டை மட்டும் எடு என்று எழுதிவிட்டால் 2.4, 3, 4 மூன்றிலும் ஓடும். நமக்கு வேண்டிய இரண்டும் எப்போதும் கடைசியில்தான் வருகின்றன.

வேலை முடிந்ததும் அவர்கள் அழைப்பின் பேரில் குரங்கணி போய் வந்தேன். முந்தலில் மேட்டுச் சாலையை விட்டுப் பிரிந்து, கொட்டகுடி ஆற்றோரமாகப் போகிற அதே பஸ். டீக்கடையில் வெளியூர் இளைஞர் ஒருவர், "மேலே டாப் ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு ரயில்?" என்று கேட்டார். பாவம், அவரைச் சிரிக்கக் கூடாது. மூணாறிலிருந்து அங்கே வரை ஒரு காலத்தில் சின்ன ரயில் வந்தது உண்மை. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு இந்த அடிவாரத்துக்கு இறங்கின. 1924 வெள்ளத்தில் ரயில் போயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது. பெயரை நம்பி வருகிறவர் பேரில் என்ன தப்பு? உள்ளூர்க்காரர்கள் நாம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் புதுக் குறிப்பின் தலையில், எந்தப் பதிப்பில், எந்தத் தேதியில், யார் கணினியில் ஓட்டிப் பார்த்தது என்று மூன்று வரி சேர்த்திருக்கிறேன். வருடம் ஒரு முறை தை மாதத்தில் மறுபடி ஓட்டிப் பார்ப்பதாக எனக்கே ஒரு விதியும் போட்டுக்கொண்டேன். பழைய ஜெராக்ஸ் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை அவளையே எழுதச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எழுதினாள்: "இதில் உள்ளபடி செய்தும் ஓடவில்லை என்றால், தப்பு உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்."

நாற்பது பக்கத்தில் நான் எழுத மறந்த வரி அது.