கண்ணாடி அலுமாரியில் ஒரு கிரீடம்

முத்திரை சேர்ப்போரை நாம் கண்டிருக்கிறோம். பழைய நாணயம் சேர்ப்போரையும் கண்டிருக்கிறோம். என்னைப் பிடித்த பித்து வேறு வகையைச் சேர்ந்தது. தேயிலைத் தோட்டத்து மக்களின் கைபட்டுத் தேய்ந்த பழம்பொருள்களைத் தேடிச் சேர்ப்பதே அது.

தெல்தோட்டையில் உள்ள என் வீட்டு முன்னறைக்கு வருவோர் முதலில் காண்பது ஒரு கண்ணாடி அலுமாரியைத்தான். கொழுந்தெடுக்கும் பெண்கள் செடியின் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு, கைப்பிடி வழுவழுத்த கவ்வாத்துக் கத்தி, அக்கரையிலிருந்து இடுப்பில் சுமந்து வந்த பித்தளைச் செம்பு, பாட்டிமார் காதில் ஆடிய தண்டட்டி என ஒவ்வொன்றும் அதில் இடம்பெற்றிருக்கின்றது. எண் பொறித்த சிறு தகரத் துண்டு ஒன்றும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்ன தோட்டத்துக்குச் செல்லும் ஆள் என்பதற்கு அடையாளமாகத் தொழிலாளரின் கழுத்திலே கட்டிவிடப்பட்ட தகரம் அது. அதைக் கையிலெடுக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும்.

இவற்றைக் 'கலை' என்று சொல்லலாமா எனச் சிலர் கேட்பதுண்டு. பிரான்சு நாட்டிலே குடியானவர் வீட்டு வெண்ணெய் அச்சையும், உப்புப் பெட்டியையும், இளைஞன் தன் காதலிக்குச் செதுக்கிக் கொடுத்த நூற்புக்கோலையும் நாட்டார் கலையென்று போற்றிப் பெரும்பணம் கொடுத்து வாங்குகின்றனர். அவர்களுடைய உப்புப் பெட்டி கலையாகுமானால், நம்முடைய மட்டக்கம்பு ஏன் ஆகாது? இப்படி வாதாடி வந்த நான், சேர்ப்பதில் உள்ள ஒரு பாவத்தை மட்டும் நெடுநாள் அறியாதிருந்தேன். அதை எனக்கு அறிவித்தது ஒரு கிரீடம்.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதம். எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் காமன் கூத்துப் பார்க்கச் சென்றிருந்தேன். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்ததையும், ரதி புலம்பியதையும், அவன் மீண்டும் உயிர்பெற்றதையும் மலையக மக்கள் ஆண்டுதோறும் ஆடிக் காட்டும் கூத்து அது. தப்பு முழங்க, பந்த வெளிச்சத்திலே மன்மதன் தோன்றினான். என் கண் அவன் முகத்தில் நிற்கவில்லை. தலையிலிருந்த கிரீடத்தின்மேல் சென்று நிலைத்துவிட்டது.

தேயிலைக்கு நிழல் தரும் முருக்க மரத்தைக் குடைந்து செய்த கிரீடம். மேலே ஒட்டியிருந்த வெள்ளித் தகடு வெள்ளியன்று. தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தில் ஒட்டும் ஈயத்தாள். நடுவில் மின்னிய மணிகள் உடைந்த முகக்கண்ணாடித் துண்டுகள். ஓரங்களில் கிளிகளும் கொடிகளும். துரைமாரின் இலாபத்திற்காக வளர்ந்த மரத்தையும், கப்பலேற வேண்டிய பெட்டியின் தாளையும் கொண்டு ஒரு தொழிலாளி தன் தெய்வத்திற்கு முடிசூட்டியிருந்தான்! இதனினும் சிறந்த நாட்டார் கலை உலகில் வேறெங்கே உண்டு?

மறுநாளே கூத்து வாத்தியாரின் லயத்திற்குச் சென்றேன். கிரீடம் அவருடைய தகப்பனார் செய்தது. நான் விலை கேட்டதும் பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பேத்தியின் படிப்புச் செலவு அவரை அப்போது நெருக்கிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டேன் என்பதை இன்று மறைக்க விரும்பவில்லை.

"நீங்க கேட்டு நான் எப்படித் தம்பி இல்லேன்னு சொல்றது?" என்று சொல்லி, கிரீடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடுத்தார். நியாயமான விலை கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியுடன் வீடு திரும்பினேன்.

அடுத்த மாசியும் வந்தது. மன்மதன் அட்டையாற் செய்து பொற்காகிதம் ஒட்டிய முடியோடு ஆட வந்தான். நள்ளிரவில் தூறல் விழுந்தது. அட்டை நனைந்து ஒரு பக்கம் சரிந்தது. சிறுவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். விரதமிருந்து வேடங்கட்டிய அந்த இளைஞன் தலைகுனிந்தபடி ஆடி முடித்தான். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வாத்தியார் என்னிடம் வந்து, "சாமி பத்திரமா இருக்கா தம்பி?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருக்கும்.

நான் 'கலைப்பொருள்' என்று வாங்கியதை அவர் 'சாமி' என்றார்! அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

விடிந்ததும் கிரீடத்தை எடுத்துக்கொண்டு சென்றேன். அவரோ பணத்தைத் திருப்பித்தர வழியில்லையென்றும், விற்றது விற்றதுதான் என்றும் பிடிவாதமாக மறுத்துவிட்டார். முடிவில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பதினொரு மாதம் அது என் வீட்டில் இருக்கும்; மாசி பிறந்ததும் தோட்டத்திற்குப் போய்விடும். அதோடு நான் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு அவரருகில் அமர்ந்தேன். மரத்தை எந்தப் பதத்தில் வெட்ட வேண்டும், எந்தப் பகுதிக்கு என்ன பெயர், பசையை எப்படிக் காய்ச்சுவது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

நான் தட்டுத்தடுமாறிக் கற்ற இந்தப் பாடத்தை அறிஞர்கள் முன்னரே கற்றிருந்தனர். பாரிசு நகரில் 1937இல் நாட்டார் கலை அருங்காட்சியகத்தை நிறுவிய ஜார்ஜ் அன்ரி ரிவியேர், பொருளைத் தனியே பிரித்தெடுத்து வைப்பதை விரும்பவில்லை. குடியானவர் வீட்டின் உட்புறத்தை, அங்கே இருந்தது இருந்தபடியே காட்சிக்கு வைத்தார். அச்சேகரம் இன்று மார்சேய் நகரில் 2013இல் திறந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. நம் நாட்டிலே, தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியான தம்முடைய 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூலுக்காகக் கண்டிப் பகுதிக் கைவினைஞரின் தொழில் முறைகளை ஆராய்ந்து குறித்தார். அவர் மனைவி எதெல் அவர்களைப் புகைப்படம் எடுத்தார்.

கம்பளைக்கு அருகிலுள்ள ராஜத்தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை அமைத்தபோது, அதற்குப் புதிய மாளிகை எழுப்பவில்லை. பழைய லயன் காம்பராக்களே அருங்காட்சியகமாயின. அங்கே அம்மியும் கூடையும் தமக்குரிய வீட்டிலேயே இருக்கின்றன. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

கூத்து வாத்தியார் இன்று நம்மோடு இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் கிரீடத்தின் அடிமரத்தைப் பூச்சி அரித்துவிட்டது. அவருடைய பேரன் என்னிடமிருந்து கொப்பியை வாங்கிச் சென்று, பாட்டனார் சொன்ன அளவிலேயே புதிய கிரீடம் ஒன்றைக் குடைந்து முடித்தான். ஈயத்தாள் இப்போது கிடைப்பதில்லை. பால்மாப் பைகளின் உட்புறத்தை வெட்டி ஒட்டியிருக்கிறான். பழையதற்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று. அவன் பாட்டனாரின் தகப்பனாரும் கையில் அகப்பட்டதைத்தானே கலையாக்கினார்?

இளம் வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் பழையதொரு செம்போ, அஞ்சறைப் பெட்டியோ கிடக்கும். அதைப் பழைய இரும்புக்காரனிடம் நிறுத்துப் போடாதீர்கள். எடுத்துத் துலக்குமுன் பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து, "இதை யார் செய்தது? யார் கொண்டுவந்தது? இதை என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். செம்பு இன்னும் நூறாண்டு இருக்கும், பாட்டி இருக்கமாட்டார்.

என் அலுமாரியில் மாசி மாதந்தோறும் ஓர் இடம் வெறுமையாயிருக்கும். என் சேகரத்தில் நான் பெருமையோடு காட்டுவது அந்த வெற்றிடத்தைத்தான்.