இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்

சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளிக்குப் போகும் வழியில், சாலையோரப் புளியமரத்தடியில் இருக்கிறது அந்தப் பட்டறை. நான் போனபோது, மூக்கைக் கழற்றி வைத்ததுபோல் முன்பக்கம் திறந்து நின்றது ஒரு பட்டாள லாரி. பச்சைப் பெயின்டுக்கு மேல் யாரோ நீலம் அடித்திருந்தார்கள். நீலம் உதிர்ந்த இடத்தில் மறுபடியும் பச்சை எட்டிப் பார்த்தது.

வண்டி, 'நிசான் ஒன் டன்'. ஜப்பானிய வடிவமைப்பை வாங்கி ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்தது. ஜோங்கா ஜீப்புக்கும் இதற்கும் ஒரே பெட்ரோல் இன்ஜின்தான்: 6 சிலிண்டர், 3956 சிசி. டீசல் வண்டிகள் வந்ததும் ராணுவம் இவற்றை ஏலத்தில் கழித்துவிட்டது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் மலைத்தோட்டக்காரர்களுக்கு இதன்மேல் ஒரு கண். ஆனால் பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாது.

"லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் குடுத்தாலே அதிசயமுங்க. அன்னாசி வித்த காசு டேங்குக்கே போயிரும்" என்றார் மேஸ்திரி. வயது அறுபதைத் தாண்டியவர். வண்டி கொல்லிமலைத் தோட்டக்காரர் ஒருவருடையது. மிளகும் அன்னாசியும் மரவள்ளியும் கீழே இறங்க வேண்டும்.

பழைய இன்ஜினுக்குப் பதிலாக டாடா 407-இன் டீசல் இன்ஜின் செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. 497 என்ற பெயரிலேயே அதன் ஜாதகம் இருக்கிறது: 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மி.மீ. விட்டம். மொத்தம் 2956 சிசி. அதாவது பழையதைவிடச் சரியாக 1000 சிசி குறைவு. பலமும் குறையுமே என்று கேட்டேன்.

"குறையும். மலையில வேகமா போயி என்ன பண்றது? முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ்ல லோ கியர் இருக்குதுல்லங்க. இன்ஜின் குடுக்கறதை கியர் பெருக்கிக் குடுக்கும்."

இன்ஜினோடு 407-இன் ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே வாங்கியிருந்தார். புது இன்ஜினைப் பழைய கியர் பெட்டியோடு சேர்க்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் கடைந்தாக வேண்டும். கிராங்க் ஷாப்டின் மையமும் கியர் ஷாப்டின் மையமும் ஒரு மயிரிழை விலகினாலும் பேரிங்கும் கிளட்சும் சீக்கிரம் போய்விடும். "ஒண்ணாப் பிறந்ததைப் பிரிக்கக் கூடாதுங்க" என்பது அவர் கொள்கை.

அதனால் வேலை குறையவில்லை, இடம் மாறியது. சாதாரண 407-க்குப் பின்சக்கரம் மட்டுமே இழுக்கும். அதன் ஆயில் சம்ப் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கும். பட்டாள லாரியிலோ அந்த இடத்தில்தான் முன் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் இருக்கிறது. பள்ளத்தில் விழுந்து வில்பட்டை நெளிந்தால் அது மேலே வந்து சம்ப்பை இடிக்கும். எனவே சம்ப்பை வெட்டி, வயிற்றைப் பின்னுக்குத் தள்ளி வெல்டிங் வைத்திருந்தார். உள்ளே எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் அதற்கேற்ப வளைக்க வேண்டும். மறந்தால் முதல் ஏற்றத்திலேயே பேரிங் கருகிவிடும்.

அடுத்து, கியர் பெட்டியிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒரு குட்டி ஜாயின்ட் ஷாப்ட். இரு முனையிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். இரு முனைக் கோணமும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி சல்லடைபோல ஆடும். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் லாரிமேல் போர்வெல் ரிக் ஏற்றுகிறார்கள். ஒரு வண்டியின் உறுப்பை இன்னொன்றில் பொருத்தும் கை இந்த வட்டாரத்தில் பழகிய கை. லேத்காரருக்கு மேஸ்திரி காகிதமே கொடுக்கவில்லை. ஒரு துண்டுக் கம்பியில் கோடு கிழித்து அனுப்பினார்.

நான் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய ஒரு விஷயத்தை அவரே காட்டினார். இந்த வண்டியில் எப்போதோ வேக்குவம் பிரேக் பூஸ்டர் பொருத்தியிருந்தார்கள். பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது வெற்றிடம் தானாகக் கிடைக்கும். டீசலில் அப்படிக் கிடைக்காது, அதற்குத் தனி பம்ப் வேண்டும். "இன்ஜினை மட்டும் மாத்திட்டு இதை விட்டவங்க இருக்காங்க. ஏறும்போது ஒண்ணும் தெரியாது" என்றார். டைனமோவோடு சேர்ந்து சுழலும் பம்பிலிருந்து வந்த ரப்பர் குழாயை இருமுறை இழுத்துப் பார்த்தார்.

இன்னொரு வேலை பட்டறைக்கு வெளியே நடந்தது. இன்ஜினை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்துக்கும் வண்டிக்கும் பொருந்தாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதியில்லாமல் அப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதிக் காகிதத்தைப் பார்த்த பிறகே செயின் பிளாக்கைத் தொட்டதாகச் சொன்னார்.

பத்து நாள் கழித்து வெள்ளோட்டத்துக்குக் கூப்பிட்டார். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். அவர் மட்டும் பேசவில்லை. சோளக்காட்டில் டீ குடித்துவிட்டு மரவள்ளி மூட்டை ஏற்றி, எந்த கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்கத் தொடங்கினார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் உறுமிக்கொண்டு வண்டியின் வேகத்தைப் பிடித்து வைத்தது. பிரேக்கில் கால் பட்டது வளைவுகளில் மட்டும்தான்.

அடிவாரத்தில் இறங்கி, நான்கு சக்கர டிரம்களின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோனார். ஒன்றும் கொதிக்கவில்லை. அப்போதுதான் சிரித்தார். பிறகு தோட்டக்காரரிடம் சொன்னார்: "ஐநூறு கிலோமீட்டர் ஓடுனதும் வாங்க. மவுண்ட்டிங் போல்ட்டை மறுக்கா ஒருதடவை முறுக்கணும்."