குளிச்சாச்சு... கிளம்பலாமா?

தென்காசி கோபுரத்தைத் தாண்டி மேற்கே வண்டியைத் திருப்பினால் போதும்... எதிரே மலை, மலை மேலே மேகம், முகத்தில் சாரல். குற்றாலத்துக்கு அஞ்சாறு கிலோமீட்டர்தான். அந்த 'தான்'தான் பிரச்னையே!

"ஏல, இந்தா இருக்கு குத்தாலம்... இதுக்கு எதுக்குல ஹெல்மெட்டு?" ஜூன்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் வரைக்கும், சீசன் முழுக்க இந்த வசனத்தைக் கேட்காம இங்கே ஒரு பைக்கும் ஸ்டார்ட் ஆகாது. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேலே ராஜா மாதிரி உட்கார்ந்து வரும். மண்டை காற்று வாங்கும்.

அந்தக் காற்றும் லேசுப்பட்டது இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. பக்கத்தில் வரும் பஸ் கொஞ்ச நேரம் காற்றை மறைக்கும். அது நம்மைத் தாண்டிப் போனதும் பொளேர்னு ஒரு தள்ளு! இறுக்கமா ஹேண்டில்பாரைப் பிடிக்காதவன் ரோட்டோரத்துக்குப் போயிடுவான்.

அடுத்தது சாரல். அடைமழை பெய்தால் ரோட்டில் இருக்கும் ஆயில், தூசி எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். சாரல் ரோட்டைக் கழுவாது. நனைக்க மட்டும் செய்யும். தூசியும் ஆயிலும் குழைஞ்சு வழவழன்னு ஆகிடும். பார்க்க அழகு, பிரேக் பிடிச்சா அம்போ!

இதெல்லாம் போகும்போது. திரும்பும்போதுதான் க்ளைமாக்ஸ். எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், குளிரில் விறைத்த விரல், கண் சொக்கும் தூக்கம். தோளில் ஈரத்துண்டு வேற. அது நழுவிச் செயினில் சிக்கினால் என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

ரெண்டு சீசனுக்கு முன்னாடி ஐந்தருவி ரோட்டில் நானும் நண்பனும். வேகம் முப்பதுகூட இருக்காது. ஓரமா நின்ற கார் ஒன்றின் கதவு படக்குனு திறந்தது. எண்ணெய்க் கை, ஈர ரோடு, முன் பிரேக்கை மட்டும் மொத்தமா அமுக்கிட்டான். சறுக்கல்! சாரல் கண்ணில் அடிக்குதேன்னு அவன் ஹெல்மெட் மாட்டியிருந்தான். அவனுக்குத் தோள்பட்டை எலும்பு, ஹெல்மெட்டுக்கு நீளக் கீறல். பின்னால் இருந்த நான் ஹெல்மெட்டை முழங்கையில் தொங்கவிட்டிருந்தேன். முழங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. நெற்றியில் ஏழு தையல்.

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு தமிழ்நாட்டில் 2015 ஜூலையிலேயே கறாராகச் சொல்லியாச்சு. 2022 அக்டோபரில் அபராதமும் 1,000 ரூபாய் ஆச்சு. எனக்கு அதெல்லாம் தெரிந்தேதான் இருந்தது.

கார்க்கார அண்ணாச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. வலது கதவை இடது கையால் திறந்து பாருங்க. உடம்பு தானாத் திரும்பும், பின்னால் வரும் பைக் கண்ணில் படும். செலவே இல்லாத வித்தை.

போன சீசனில் மறுபடி போனோம். அடி வாங்கிய பழைய ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அவன் புதுசு வாங்கியிருந்தான். குளித்து முடித்து, பிரானூர் பார்டரில் பரோட்டாவை ஒரு கட்டு கட்டினோம். சாவியை எடுத்தவன் என் தலையைப் பார்த்தான், மாட்டியிருந்தேன். அப்புறம் தன் கையைப் பார்த்தான்.

"இருல... சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாரேன்!"