மாத்திரையை விட்டவன்

“மாத்திரையை விட்டுட்டேன்” என்று சில வருடங்களாக நான் சொல்லித் திரிந்தது பாதிப் பொய். விழுங்குவதைத்தான் விட்டிருந்தேன். அல்பிரசோலம் அட்டை ஒன்று சட்டைப்பையில், சீசன் டிக்கெட்டுக்குப் பின்னால் எப்போதும் இருந்தது. சட்டை மாறினால் அட்டையும் கூடவே மாறும். காலாவதி தேதி வியர்வையில் அழிந்தே போயிற்று. ஒருநாள் அதை வீட்டில் மறந்துவிட்டேன் என்று தெரிந்ததும் பாதி வழியில் இறங்கித் திரும்பி ஓடியிருக்கிறேன். ஏன் தாமதம் என்று கேட்ட மேலாளரிடம் சிக்னல் கோளாறு என்றேன்.

மிச்சப் பாதி இதைவிட மோசம்.

எனக்குப் பதற்றம் சொல்லிக்கொண்டு வராது. நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கும், விரல் நுனி மரத்துப்போகும், இதோ செத்தோம் என்று தோன்றும். ஈசிஜி எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. மனநல மருத்துவர் இரண்டு மாத்திரை எழுதினார். தினமும் சாப்பிட எஸ்சிட்டலோபிராம். தாங்கவே முடியாத நேரத்துக்கு, அதுவும் கொஞ்ச நாளைக்கு மட்டும், அல்பிரசோலம். முதலாவது பிடிக்கச் சில வாரமாகும், ஆரம்பத்தில் குமட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இல்லாமல் முடியாது என்று ஆகிவிடும் ஆபத்து இரண்டாவதில்தான் என்று நிதானமாகச் சொன்னார். நான் அப்படியே தலைகீழாகச் செய்தேன். குமட்டிய முதல் வாரத்திலேயே முதலாவதைக் குப்பையில் போட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் உடம்பைத் தளர்த்திய இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

அல்பிரசோலம் 2014 மார்ச்சிலிருந்து எச்1 அட்டவணை மருந்து. சீட்டு இல்லாமல் தரக்கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஒரே பழைய சீட்டை வேறு வேறு மெடிக்கல்களில் நீட்டுவேன். சாயங்கால நேரம், கூட்டம் முண்டியடிக்கும் கடை, கவுன்ட்டரில் புதுப் பையன் என்று பார்த்துப் பார்த்துத்தான் போவேன்.

தினசரி மாத்திரை மேல் ஏன் அத்தனை வெறுப்பு? கீழ்ப்பாக்கம்தான் காரணம். 1794-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்ப்பெயரையே வசவாக்கி வளர்ந்த தலைமுறை எங்களுடையது. வகுப்பில் அந்தக் கேலியை அதிகம் செய்தவனும் நான்தான். தினமும் மாத்திரை சாப்பிட்டால் நானும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவேன், எப்போதாவது போட்டுக்கொண்டால் சேரமாட்டேன் என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன்.

அல்பிரசோலத்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். கடைசியில் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெளியே கொண்டுவந்தார். ஆனால் அலுவலகத்தில் நான் சொன்ன கதையில் அவர் கிடையாது. காலை நடை, மூச்சுப்பயிற்சி, மன உறுதி, இவ்வளவுதான் இருந்தன. ஆட்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

நடை போனது உண்மைதான். மூன்று காபி ஒன்றானதும் உண்மை, அதனால் படபடப்பு குறைந்ததும் உண்மை. சொல்லாமல் விட்டவை வேறு. லிஃப்டில் ஏறமாட்டேன், கேட்டால் படி ஏறுவது உடம்புக்கு நல்லது என்பேன். மின்சார ரயிலில் கதவோரம்தான் நிற்பேன், கிண்டியில் கூட்டம் உள்ளே தள்ளினால் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருப்பேன். கல்யாணத்துக்குப் போனால் வாசலுக்குப் பக்கத்து நாற்காலி, முதல் பந்தி, மொய், வீடு. ரயிலில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை மனைவியோடு போனில் பேசிக்கொண்டே வருவேன். ஒருநாள் அவள் சொன்னாள்: “மாத்திரையை விட்டுட்டு என்னைப் புடிச்சிக்கிட்டீங்க. அதுக்காவது சீட்டு வேணும்.”

இதுவரை சொன்னதில் கெட்டது நான் மட்டும். சித்தப்பா மகனுக்கும் இதே தொல்லை. தினசரி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நன்றாகவே இருந்தான். ஒரு விசேஷ வீட்டில், “எவ்ளோ நாளைக்குடா அதையே முழுங்குவே? என்னைப் பாரு” என்றேன். அட்டை சட்டைப்பையில் இருக்கும்போதே சொன்னேன். அவன் என்னை நம்பி மறுநாளே நிறுத்திவிட்டான். தலைசுற்றல், தூக்கமில்லை, தலைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி வெட்டுகிறது என்று அவன் மனைவி எனக்கு போன் செய்தாள். அந்த மருந்தையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததில்லை. “ரெண்டு நாள்ல சரியாயிடும்மா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவளே அவனை மருத்துவரிடம் அழைத்துப்போனாள். மாத்திரையை மறுபடி தொடங்கினான், தேறினான். நான் போய்ப் பார்க்கவில்லை. என் அட்டையைப் பற்றி அவனிடம் சொல்ல ரொம்ப நாளாயிற்று. “சரி விடுண்ணே” என்றான். அந்தப் பெண் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேச வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

அதன் பிறகுதான் ஒரு உளவியலாளரிடம் போனேன். இரண்டாவது சந்திப்பில் அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு நிமிடம் நாய் இரைக்கிற மாதிரி வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார். பாதியிலேயே விரல் மரத்தது, உதட்டைச் சுற்றிச் சுருசுரு என்றது, அறை லேசாகச் சுழன்றது. ரயிலில் எனக்கு வரும் அதே சாவு, ஃபேனுக்குக் கீழே, வேண்டுமென்றே வரவழைத்தது. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அதனால் இத்தனையும் என்றார். அதை மாரடைப்பு என்று படித்துப் பயப்பட, பயத்தில் மூச்சு இன்னும் வேகமாக, வட்டம் பெரிதாகிறது. பிரிட்டனில் டேவிட் கிளார்க் 1986-இல் எழுதிய விளக்கம் ஏறக்குறைய இதுதான். பிறகு சட்டைப்பையைக் காட்டி, “அதை வெளியில வைங்க” என்றார். அட்டை கூடவே இருக்கும்வரை, பிழைத்தது அட்டையால்தான் என்று மனசு கணக்கு எழுதிவிடுமாம். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுகிற மூச்சைக்கூட, பயத்திலிருந்து தப்பி ஓடப் பயன்படுத்தினால் அதுவும் இன்னொரு அட்டைதானாம். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடப் பெருமையில் பாதி அந்த மூச்சுப்பயிற்சி.

இப்போதும் தினசரி மாத்திரை இல்லை. தேவைப்பட்டால் தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், சரி என்றிருக்கிறேன். அட்டையைக் கடையில் கொடுத்துவிட்டேன். லிஃப்டில் மூன்றாவது மாடி வரை தனியாகப் போகிறேன், என் அலுவலகம் ஆறாவதில். ரயிலில் கதவை விட்டு உள்ளே நிற்பது வாரத்தில் பாதி நாள் முடிகிறது. உளவியலாளர் சொன்னபடி, அந்த நேரத்தில் நான் அழைத்தால் மனைவி போனை எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் ஏன் எடுக்கவில்லை என்று தினமும் ஒரு சண்டை போடுகிறேன்.