வழுவும் வழுவமைதியும்

இந்த வாரம் அரசியலை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு விளையாட்டுப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். வாசகர்கள் பொறுத்தருள்க.

1983இல் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் ஃபமிகொம் என்ற இயந்திரத்தை வெளியிட்டது. அதைப் பார்த்துத் தாய்வானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட நகல்களே தொண்ணூறுகளில் ‘டீவி கேம்’ என்ற பெயரில் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கும் என் தங்கை மகனிடம் அத்தகைய பெட்டியொன்று இன்னும் உயிரோடிருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலுள்ள சிறுவர்களுக்கு அதில் ஒரு தமிழ் எழுத்து விளையாட்டைச் செய்து கொடுக்கவேண்டும் என்பது அவனுடைய ஆசை.

அந்தப் பெட்டியின் தற்காலிக நினைவகம் வெறும் 2 கிலோபைட். திரையில் தோன்றும் உருவங்கள் 8க்கு 8 புள்ளி கொண்ட சதுரங்களால் ஆனவை. பின்னணிக்கு ஒரு வேளையில் 256 சதுரங்கள் கிடைக்கும். தமிழுக்கு 247 எழுத்துகள். கணக்குச் சரியாக வருவதுபோலத் தோன்றும். ஆனால், 8 புள்ளி அகலத்துக்குள் ‘ணை’யை எழுதிப் பாருங்கள்! எழுத்துக்கு நான்கு சதுரம் ஒதுக்கினாலோ 64 எழுத்தோடு இடம் தீர்ந்துவிடும். அவன் கொம்பையும் காலையும் தனித்தனியே வெட்டி, வேண்டிய இடத்தில் சேர்த்துக் கொண்டான். ஈய எழுத்துக் கோத்தவர்கள் அச்சகங்களில் செய்துவந்த அதே வேலை. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நிரலில் ஒரு வரியை மாற்றும்போதெல்லாம் சிப்பில் பதித்துக் கசெட்டில் பொருத்திப் பார்ப்பது நடக்கிற காரியமல்ல. அதற்காக இருப்பதுதான் எமுலேட்டர். தமிழில் போன்மி என்பார்கள். பழைய இயந்திரம்போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் அது. அவன் முதலில் பிடித்தது ஏதோவொரு பழைய போன்மி. அதில் விளையாட்டு அழகாக ஓடியது. கடைக்காரர் ஒருவரின் உதவியோடு கசெட்டில் ஏற்றிய அன்று தொலைபேசியில் அழைத்தான்.

“மாமா, கம்ப்யூட்டர்ல சரியா ஓடுது. பெட்டியில போட்டா எழுத்தெல்லாம் குழம்பிப்போகுது.”

காரணம் எளியது. மின்சாரம் கொடுத்தவுடன் உண்மையான பெட்டியின் நினைவகத்தில் என்ன இருக்குமென்று உறுதி கூற இயலாது. அந்தப் போன்மியோ எல்லா இடத்தையும் பூச்சியமாக்கி வைத்துவிட்டே தொடங்கியது. அவனுடைய நிரல் அந்தத் தயவில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னர் மெசென் என்ற இலவசப் போன்மியைத் தேடிப் பிடித்தான். தொடக்க நினைவகத்தைத் தாறுமாறாக நிரப்பச் சொல்லலாம் அதில். எதையும் எழுதிவைக்காத இடத்தை நிரல் வாசிக்க முற்பட்டால் அந்த வரியிலேயே நிறுத்திக் காட்டும் வழுநீக்கியும் உள்ளே இருக்கிறது. ஒரே மாலையில் குற்றம் அகப்பட்டது. எஃப்சிஇயூஎக்ஸ் என்ற இன்னொரு போன்மியிலும் வழுநீக்கி உண்டு. இரண்டிலும் ஓட்டிப் பார்த்தபின்பே இப்போது கசெட்டைத் தொடுகிறான்.

கலைப் பட்டதாரியான என்னைக் கவர்ந்த செய்தி வேறொன்று. இந்தப் பெட்டியின் இதயம் 1975இல் வந்த 6502 செயலியின் வழிவந்தது. அதில் பிறவிக் குறையொன்று உண்டு. தாவவேண்டிய முகவரி 256 பைட் கொண்ட ஒரு பக்கத்தின் கடைசி இடத்தில் தொடங்கினால், மறுபாதியை அடுத்த பக்கத்தில் எடுக்காமல் அதே பக்கத்தின் தலைப்பில் எடுத்துவிடும். நல்ல போன்மி இக்குறையையும் அப்படியே போலச் செய்யவேண்டும்; திருத்திவிட்டால் அது அந்த இயந்திரமாகாது. நன்னூல் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. பசுவை உவப்பினால் ‘அவள்’ என்று அழைப்பது வழுதான். காரணம் கருதி ஏற்றுக்கொள்ளும்போது அது வழுவமைதி. எந்த வழுவை நீக்குவது, எதை அமைப்பது என்று அறிவதே நிரலாளனின் இலக்கணம் போலும்.

கருவிகளுக்கு அவன் ஒரு சதமும் செலவிடவில்லை. விலை வேறிடத்தில் இருந்தது. இவற்றின் விளக்கங்கள் அவன் கைக்கு ஆங்கிலத்திலேயே கிடைத்தன. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் படித்தான். தோட்டப் பிள்ளைகள் பிறர் செய்த விளையாட்டை ஆடுபவர்களாக மட்டுமே இருந்துவிடுவதற்கு அறிவுக் குறைவு காரணமன்று, இந்த அகராதிச் சுவரே காரணம். புலம்பெயர்ந்த நாடுகளில் இத்தொழிலைக் கற்ற தமிழர்கள் பலர் இதை வாசிக்கிறீர்கள். ஒரு வழுநீக்கியை எப்படிப் பயன்படுத்துவது என்று பத்துப் பக்கம் தமிழில் எழுதுங்கள். லயத்தில் ஒருவன் காத்திருக்கிறான்.