சுடாத துவக்கு

துவக்கைப் பற்றி எழுத ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் ஒரு தோட்டாவைத்தானும் சுட்டவனல்லன். ஆனால் வடமத்திய மாகாணத்துக் குளத்துக் கிராமமொன்றில் பிறந்தவனுக்குத் துவக்கு என்பது மண்வெட்டியைப் போல, கத்தியைப் போல, வீட்டு மூலையில் கிடந்த ஒரு சாமான். அதை வாங்கியவர்கள் கொண்ட பெருமையையும் பின்னர் பட்ட வேதனையையும் பார்த்து வளர்ந்தவன் நான். பிற்காலத்தில் ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்று, கைக்குக் கிடைத்த சரித்திர நூல்களையும் புரட்டியபோது, எங்கள் ஊரவருக்கு நேர்ந்ததே பெரிய தேசங்களுக்கும் நேர்ந்திருக்கிறது என்பதைக் கண்டேன்.

எனது தாய்மாமன் ஒரு சோடி எருமையை விற்று ஒற்றைக்குழல் துவக்கொன்று வாங்கினார். 12 போர். பழைய துவக்குத்தான், டவுனில் ஒருவரிடம் கைமாறியது. பன்றியும் யானையும் வயலை அழித்துக்கொண்டிருந்த காலம். யானையைச் சுடுவது சட்டப்படி குற்றம் என்பது மாமாவுக்குத் தெரியும். வானத்தை நோக்கி ஒரு வெடி வைத்தால் அது ஒதுங்கிப் போகும் என்ற நம்பிக்கையில்தான் வாங்கினார். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் எங்கள் நாட்டில் துவக்குக்கு அனுமதிப் பத்திரத்தைக் கட்டாயமாக்குகிறது. அதை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். மாமா அதற்கென்று வெள்ளைச் சாரனை உடுத்திக்கொண்டு கச்சேரிக்குப் போய்வருவார்.

முதல் மாரியிலேயே துவக்கின் குணம் தெரிந்துவிட்டது. விசையை அழுத்தினால் சில வேளை வெடிக்கும். சில வேளை 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டுமே வரும். தோட்டாவின் பின்புறத்தைப் பார்த்தால் ஊசி இலேசாகக் கீறியிருக்கும், குழி விழுந்திராது. உள்ளே இருந்த வில்லுச்சுருள் தளர்ந்துவிட்டது என்று பின்னர் ஒரு கொல்லன் சொன்னான். அதனிலும் பெரிய குறை, வெடித்த தோட்டாவின் வெற்றுக் கோது குழலின் அடியிலேயே இறுகிக்கொள்வது. மாமா ஒரு நீண்ட கம்பியை வாய்ப்பக்கமாக விட்டு அதைக் குத்தித் தள்ளுவார். அதற்குள் பன்றிகள் அடுத்த வரம்பையும் தாண்டியிருக்கும்.

இதன் காரணத்தை நான் கலாசாலையில் இரசாயனம் படித்தபோதுதான் விளங்கிக்கொண்டேன். பழைய காலத்துத் தோட்டாக்களின் வெடிமூடியில் பொற்றாசியம் குளோரேற்று என்னும் சேர்வை இருந்தது. வெடித்த பின் அது பொற்றாசியம் குளோரைட்டாகிக் குழலுக்குள் படியும். அது கறியுப்பின் இனத்தைச் சேர்ந்த உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசாவிட்டால் இரும்பில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழும். கோது வெடிக்கும்போது விரிந்து அந்தக் குழிகளைப் பற்றிக்கொள்ளும். பிறகு இலகுவில் வெளியே வராது. எத்தனையோ கைகள் கழுவாமல் விட்ட துவக்கை, மேலே மினுக்கிய பலகையைப் பார்த்து மாமா வாங்கியிருந்தார்.

1990களின் நடுப்பகுதியில் ஒரு கதிர்க்காலம். நடுச்சாமத்தில் காவல் பரணுக்கு நேரே தனியன் ஒன்று வந்தது. மாமாவோடு அவரது மூத்த மகனும் பரணில் இருந்தார். இரண்டு தோட்டாக்கள் அடுத்தடுத்துப் பேசாமல் கிடந்தன. மூன்றாவதைப் போட அவகாசமிருக்கவில்லை. பரண் சரிந்தது. இருவருக்கும் உயிர் தப்பியது. ஆனால் என் மச்சானின் வலது கால் இன்றும் நேராக ஊன்றுவதில்லை.

ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்து மாமா என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"மருமகன், துவக்கு வெடிக்காது எண்டு நிச்சயமாத் தெரிஞ்சிருந்தா நான் வெள்ளனவே இறங்கி ஓடியிருப்பன். வெடிச்சாலும் வெடிக்கும் எண்ட நினைப்புத்தான் எங்கள அங்க இருக்க வச்சது."

நம்பமுடியாத ஆயுதத்தின் முழுக் கேடும் இந்தப் பேச்சில் அடங்கியிருக்கிறது. வெறுங்கையோடு இருப்பவன் தன் நிலையை அறிவான். பறை தட்டுவான், தீவட்டி கொளுத்துவான், அல்லது விலகிப் போவான். பழுதான துவக்கை வைத்திருப்பவனோ, நிற்கக்கூடாத இடத்தில் நின்றுவிடுகிறான்.

கனடா தேசத்தின் கதையைப் பார்ப்போம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு அரசு, சேர் சார்ள்ஸ் றோஸ் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் வடிவமைத்த றைபிளைத் தன் படைக்கு வாங்கியது. இலக்குத் தவறாத துவக்கு; குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் பேர் வாங்கியது. ஆனால் 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் களத்தில், சேற்றிலும் நச்சுவாயுவிலும் நின்று வேகமாகச் சுட வேண்டி வந்தபோது அதன் பூட்டு இறுகிக்கொண்டது. தோட்டா அறை மிக ஒடுக்கமானது. பிரித்தானியாவில் செய்த தோட்டாக்களோ இம்மியளவு பருமனானவை. சப்பாத்துக் காலால் உதைத்தும் மண்வெட்டிப் பிடியால் அடித்தும் பூட்டைத் திறந்தார்கள் சிப்பாய்கள். அந்தச் சமரில் உயிர் தப்பியவர்களில் 1,400 பேருக்கு மேல், தங்கள் துவக்கை எறிந்துவிட்டு, விழுந்துகிடந்த பிரித்தானியச் சிப்பாய்களின் லீ-என்பீல்ட் றைபிள்களை எடுத்துக்கொண்டார்களாம். படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ் மட்டும் ஒட்டாவாவில் இருந்துகொண்டு றோஸ் துவக்குக்காக வாதாடியபடியே இருந்தார். 1916இல் அது களத்திலிருந்து விலக்கப்பட்டது; அதே ஆண்டில் அவரும் பதவி இழந்தார். ஆனால் மறைந்திருந்து நிதானமாகச் சுடுபவர்கள் அந்தத் துவக்கை விரும்பி வைத்திருந்தார்கள். ஆகவே பழுது துவக்கில் மட்டும் இருக்கவில்லை. எந்த இடத்துக்கு எதை வாங்குகிறோம் என்பதிலும் இருந்தது.

வியட்நாமில் அமெரிக்கர் கண்டதும் இதுவே. எம்-16 என்னும் இலேசான புதிய றைபிள் 1960களின் நடுவில் அங்கே போனது. முதலில் சோதித்த வேளையில் பாவித்த வெடிமருந்து வேறு. பின்னர் தொகையாகக் கொடுத்தது வேறு. புதிய மருந்து அதிகக் கசடு விட்டதோடு, துவக்கு சுடும் வேகத்தையும் கூட்டிவிட்டது. தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. ஈரமான காட்டில் அங்கே துருப்பிடித்துக் குழிகள் விழுந்தன. கழுவாமலே பாவிக்கலாம் என்று ஒரு பேச்சும் பரவியிருந்தது. துடைக்கும் கருவிகளோ போதியளவு வரவில்லை. விளைவு, வெற்றுக் கோது உள்ளே சிக்கிக்கொண்டது. சுடுசமரின் நடுவே வாய்ப்பக்கமாகக் கம்பியை விட்டுக் குத்தித் தள்ளினார்கள். அந்த வரியை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். உலகின் மிகப் பணக்காரப் படையின் சிப்பாயும் எங்கள் மாமாவும் ஒரே கம்பியோடு நின்றிருக்கிறார்கள்.

பிரித்துப்போட்ட துவக்கின் பக்கத்திலேயே இறந்துகிடந்த சிப்பாய்களைப் பற்றிச் செய்திகள் வந்தன. சிப்பாய்கள் எழுதிய கடிதங்கள் அமெரிக்கக் காங்கிரசை எட்டின. 1967இல் ஒரு விசேட உபகுழு விசாரித்து, வெடிமருந்தை மாற்றியவர்களையும் நிருவாகத்தையும் கடுமையாகக் கண்டித்தது. அறைக்குக் குரோமியம் பூசினார்கள். 1968இல் வில் ஐஸ்னர் என்ற பிரபல சித்திரக்காரரைக் கொண்டு, துவக்கைத் துப்புரவாக்குவது எப்படி என்று சித்திரக்கதைப் புத்தகமே வெளியிட்டார்கள். பாடம் புகட்ட அவர்களுக்கும் கடைசியில் படம் கீற வேண்டித்தான் வந்தது என்று வாத்தியாராகிய எனக்கு ஓர் அற்பத் திருப்தி. அதற்குமுன் செத்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தால் ஆனது ஒன்றுமில்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். மாமா தானே பார்த்து, தானே வாங்கி, தானே சுமந்தார். கைச்சேதம் வாங்கியவருடையதாகவே இருந்தது. அரசாங்கங்களின் கொள்வனவு அப்படியல்ல. கையெழுத்து வைப்பவர் ஒருவர். விசையை அழுத்துபவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவே ஒரு சமுத்திரமே கிடக்கிறது.

இதை நாங்கள் தூரத்திலிருந்து மட்டும் அறிந்தவர்களல்லர். 1990களில் எங்கள் எல்லைக் கிராமங்களில் ஊர்காவற் படைக்குச் சேர்ந்த இளைஞர்களின் கையில் பெரும்பாலும் சொட்கன்களே இருந்தன. எதிரே வரக்கூடியவர்களிடம் தானியங்கித் துவக்குகள். பக்கத்து வீட்டுக் காக்கா ஒருவர் தன்னிடமிருந்த சில தோட்டாக்களை விசுக்கோத்துத் தகரத்தில் போட்டு வைத்திருந்தார். மாரி மழையில் ஈரம் ஏறினால் மருந்து பிடிக்காது என்ற பயம். எங்கள் உம்மா அரிசியை வறுத்துத் துணியில் முடிந்து, அந்தத் தகரத்துக்குள் வைக்கக் கொடுப்பார். இரவுக் காவலுக்குப் போகுமுன் காக்கா ஒவ்வொரு தோட்டாவையும் விரலால் தடவிப் பார்ப்பார். ஊர் முழுக்க நிம்மதியாய் உறங்கியது அந்த வறுத்த அரிசியின் தயவில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

துவக்குகளின் காலம் எங்கள் ஊரில் பெரும்பாலும் கழிந்துவிட்டது. ஆனால் யானைகள் கழியவில்லை. 2023இல் மட்டும் இந்நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்தப் பிணக்கில் மாண்டுபோயினர். இப்போது வயலைச் சுற்றி மின்வேலி. திறப்பு விழாவுக்கு எல்லோரும் வந்தார்கள். கம்பியில் கொடி படர்ந்தால் மின் நிலத்துக்கு வடியும். பற்றரி கிழடானால் யானைக்கு அது வெறும் கயிறு. யானை அதை மனிதனுக்கு முன்பே அறிந்துகொள்ளும்.

ஆகவே ஒவ்வொரு மாரிக்கு முன்பும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த வேலியோரம் நடக்கிறேன். எங்கே கொடி ஏறியிருக்கிறது, எந்தக் கட்டை சாய்ந்திருக்கிறது என்று அவர்கள் கொப்பியில் குறித்துக்கொள்கிறார்கள். அந்தக் குறிப்பைக் கமக்காரர் சங்கத்துக்குக் கொடுக்கிறோம். பாடத்திட்டத்தில் இது இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் உறங்குபவர்கள் அந்தப் பிள்ளைகளின் வாப்பாமார்.